பேணப்படுவதும் தேய்வதும்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், கோலசிலாங்கூர்ப் பட்டணத்துக்கு எதிர்க்கரையில் அமைந்த மீனவக் குடியிருப்பு பாசிர் பெனம்பாங். மலாய்மொழியில் ‘பாசிர்’ என்பது மணல்; ‘பெனம்பாங்’ என்பது ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனைக் குறிக்கும். பாலம் வந்து ஓடத்துறைக்கு வேலையில்லாமற் போன பிறகும் பெயர் மட்டும் அக்கரையிலேயே தங்கிவிட்டது. அங்குள்ள மரப்படகுகளை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். உப்புநீரும் புழுவும் ஓயாமல் மரத்தை அரிக்கின்றன. அரிக்கப்பட்ட பலகையைக் கழற்றிப் புதுப்பலகை பொருத்துகின்றனர். சில காலம் கழித்து அதனை அடுத்த பலகை. பிறகொரு நாள் இயந்திரமே மாறுகிறது. ஆயினும் படகின் எண் மாறுவதில்லை. உரியவரைக் கேட்டால், “அதே படகுதான்” என்பார். கேள்வி விளங்காதவர்போல ஒரு பார்வையும் பார்ப்பார்.

அவருக்கு விளங்காத கேள்வியைக் கிரேக்கர் பண்டே எழுப்பினர். தீசியஸ் என்னும் வீரன் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்சு நகரத்தார் பல தலைமுறை போற்றிக் காத்தனர் என்றும், உளுத்த பலகைகளை நீக்கி அவ்வவ்விடத்தில் புதியனவற்றைப் பொருத்தினர் என்றும், அது பழைய கப்பலே என ஒரு சாராரும் அன்று என மற்றொரு சாராரும் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ் அவ்வழக்கை மேலும் சிக்கலாக்கினார். கழற்றி எறிந்த பழம்பலகைகளையெல்லாம் ஒருவன் திரட்டி, அவற்றைக் கொண்டே மற்றொரு கப்பலைக் கட்டி முடித்தால் இரண்டனுள் எது தீசியஸின் கப்பல்?

வகுப்பறையில் மாணவர்க்கு வியப்பூட்டும் இவ்வினா, பழைய அமெரிக்கக் கார்களைப் பழுது பார்த்துப் பேணுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர்க்கு நாள்தோறும் கைக்கு வரும் வழக்கு. துரு தின்ற கதவை ஒட்டிச் சீராக்குவதா, வேறொரு காரிலிருந்து கழற்றிய கதவை மாட்டுவதா, புதிதாக அடித்துச் செய்த தகட்டை வைப்பதா? மூன்றும் செய்யக்கூடியவையே; மூன்றின் முடிவிலும் கதவு திறக்கும், மூடும். ஆனால் அம்மூன்றும் ஒன்றல்ல என்பதைச் செய்பவர் அறிவார். ஹாப்ஸ் கற்பனையாகக் கண்டதும் இங்கே உண்மையாகவே நடக்கிறது. ஒரே காரின் அடிச்சட்டத்தை ஒருவரும் மேற்கூட்டை இன்னொருவரும் வாங்கி, ஆளுக்கொரு முழுக் காரைக் கட்டியெழுப்பி, இரண்டுக்கும் ஒரே பிறப்பெண்ணை உரிமை கொண்டாடிய வழக்குகள் உண்டு. அரசாங்கப் பதிவேடு அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். அறநூல் அவ்வளவு எளிதில் சொல்லிவிடாது.

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லே இங்குச் சற்று இடறுகிறது. பொழுதைப் போக்குவது என்றால் அதனைத் தொலைப்பது என்பதன்றோ பொருள்? பழங்காரின் முன் அமர்ந்திருப்பவரோ போய்விட்ட பொழுதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்கக் கார் என்பது இம்மண்ணுக்கு அயலான செய்தியன்று. ஃபோர்டு நிறுவனம் 1926-ஆம் ஆண்டிலேயே ‘ஃபோர்டு மலாயா’ என்னும் கிளையைச் சிங்கப்பூரில் நிறுவியது. பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்குக் கார் வழங்கும் உரிமை கனடாவிலிருந்த ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தமையால், இங்கு வந்த அமெரிக்கக் கார்களில் பல உண்மையில் கனடாவில் வலப்பக்கச் சுக்கானோடு பிறந்தவை. அந்நிறுவனம் சிங்கப்பூர்ப் புக்கிட் தீமாவில் 1941-ஆம் ஆண்டில் திறந்த தொழிற்சாலையில்தான், அடுத்த ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள் பிரித்தானியத் தளபதி பெர்சிவல் சப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழங்கார் ஆர்வலர்கள் பல்லாண்டுகளாகச் சங்கம் கண்டு ஊர்வலம் நடத்துகின்றனர். தமிழ்நாட்டில் கோவையில் ஜி.டி. நாயுடு அவர்களின் நினைவோடு அமைந்த கார்க் காட்சியகமும், சென்னை வடபழனியில் ஏவி.எம். நிறுவன வளாகத்தில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சியகமும் பழைய கார்களைப் போற்றி வைத்துள்ளன.

அமெரிக்கக் காரின் பிறப்பிலேயே தீசியஸின் வினா கலந்திருக்கிறது என்பது பலரும் எண்ணாத ஒன்று. 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் ஒரு விந்தையான சோதனை நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று காடிலாக் கார்கள் திருகு திருகாகக் கழற்றப்பட்டன. உறுப்புகள் யாவும் ஒன்றோடொன்று கலக்கப்பட்டன. போதாக்குறைக்கு, 89 உறுப்புகள் அகற்றப்பட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து எடுத்த உறுப்புகள் அவற்றினிடத்தில் வைக்கப்பட்டன. பிறகு சாதாரணக் கருவிகளை மட்டும் கொண்டு அக்குவியலிலிருந்து மூன்று கார்களை மீண்டும் பூட்டினர்; மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடி முடித்தன. அரங்கொண்டு தேய்த்து ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடத்துக்கு இசைவிப்பதே கம்மியர் கலை என்று எண்ணியிருந்த அக்காலத்து ஐரோப்பியர்க்கு இது பெருவியப்பு. இச்செயலுக்காக டூவர் கோப்பை காடிலாக் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

அன்று கலைக்கப்பட்ட மூன்று கார்களும் மீண்டும் பூட்டப்பட்டபோது, எது முதற்கார், எது மூன்றாம் கார் என்று கேட்டால் என்ன விடை இருக்க முடியும்? விடை இல்லை என்பது மட்டுமன்று. விடை தேவையில்லை என்பதே அக்கார்களின் பெருமை. எந்த உறுப்பும் எந்தக் காருக்கும் தனியுரிமையானதன்று என்ற கொள்கையின்மேல் கட்டப்பட்டவை அவை. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ வகைக் கார், அக்கொள்கையைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டியது. 1927-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடிக் கார்கள் வெளிவந்திருந்தன. பாசிர் பெனம்பாங் படகின் பலகை அப்படிப்பட்டதன்று. அது தன் பக்கத்துப் பலகையின் வளைவுக்கென்றே இழைக்கப்பட்டது. வேறு படகில் ஏறாது. ஆகவே, ‘இது அசல் உறுப்பா?’ என்று அமெரிக்கக் காரைப் பார்த்து நாணயத் தரகனைப்போல் கேட்பது, அக்காரின் இயல்பையே அறியாமல் கேட்பதாகும்.

அங்ஙனமாயின் பேணுவோர் எதைப் பேணுகிறார்? தகட்டையா, வடிவத்தையா, எண்ணையா?

அவருடைய கைகள் செய்வதைப் பார்த்தால் விடைக்கு வழி கிடைக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் சுழல்தண்டு தாங்கியிருக்கும் பேரிங்குகள், இக்காலத்துப்போலக் கடையில் வாங்கி மாட்டும் ஓடுகள் அல்ல. வெள்ளீயமும் பிறவும் சேர்ந்த மென்கலவையை உருக்கி வார்த்து, ஆறவிட்டுக் குடைந்து, கையால் சுரண்டி இசைவிக்க வேண்டியவை. தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லப் பூசிப் பேரிங்கில் வைத்து ஒருமுறை சுழற்றுவர். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மயிரிழையளவு சுரண்டுவர். மறுபடி சாயம், மறுபடி சுழற்சி. நீலம் எங்கும் சீராகப் பரவும்வரை இவ்வேலை தொடரும். ஒரு நாள் முழுதும் செலவாகலாம். அவசரப்பட்டவர் செய்த பேரிங் சில நூறு மைலில் தட்டத் தொடங்கும்; சாயத்திடம் பொய் சொல்லித் தப்பிக்க இயலாது. ‘டி’ வகைக் காரை முன்னாலிருக்கும் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்புவதும் இத்தகையதே. தீப்பொறி எழும் நேரத்தைச் சுக்கானருகே உள்ள நெம்புகோலால் முதலில் பின்தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் இயந்திரம் எதிர்ப்புறமாக உதைத்து, சுழற்றியவர் மணிக்கட்டை முறித்துவிடும். எண்ணெய்த் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானே வழிந்து இறங்கும் அமைப்பாதலால், தொட்டியில் எண்ணெய் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டை முன்முகமாக ஏற முடியாமல், அக்காலத்தோர் காரைத் திருப்பிப் பின்முகமாக ஏற்றினர். இவையெல்லாம் எந்தத் தகட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கையிலும் காதிலும் இருந்தன. கார் அழிந்தால் இவை அழியும். கார் ஓடாமல் கண்ணாடிப் பேழைக்குள் நின்றாலும் இவை அழியும்.

இதனால், ஓடாத காரைப் பளபளப்பாக்கி நிறுத்துவதைப் பேணுதல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சப்பானில் ஈசே என்னுமிடத்துத் திருக்கோயிலை இருபதாண்டுக்கு ஒருமுறை அடுத்த மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுகின்றனர். 2013-ஆம் ஆண்டில் நடந்தது அறுபத்திரண்டாம் முறை. மரம் அங்கே பேணப்படவில்லை. தச்சரின் கை பேணப்படுகிறது. தமிழர்க்கும் இவ்வெண்ணம் புதிதன்று. குடமுழுக்குக்கு முன்பு பாலாலயம் அமைத்து, மூலவரின் ஆற்றலை அங்கே எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கருவறையில் உளி வைக்கின்றனர். கல் மாறும், சுதை மாறும், கோபுரத்தின் வண்ணம் மாறும். கோயில் மாறிவிட்டது என்று எவரும் வழிபாட்டை நிறுத்துவதில்லை.

பேணுதலுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் கேட்டாக வேண்டும். இது செல்வர் விளையாட்டு என்பது ஒன்று. உழைப்பாளிக்கு வீடில்லாத உலகில் காருக்கு வீடு கட்டுவதா என்பர். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களில் ஆண்டுக்கொரு புதுத் தோற்றம் என்னும் முறையைப் பரப்பினார். சென்ற ஆண்டு வாங்கிய கார் இவ்வாண்டில் பழசாகத் தோன்ற வேண்டும்; தோன்றினால்தான் விற்று மாற்றுவர். அது பழுதானமையால் எறியப்படும் பொருளன்று. வெறுக்கப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்ட பொருள். அத்தகைய காரை எழுபது, எண்பது ஆண்டு கழித்தும் ஒருவர் வெறுக்க மறுத்துக் குனிந்து பழுது பார்க்கிறார் என்றால், அது வெறும் ஆடம்பரம் ஆகிவிடாது. கியூபாவில் அது வறுமையின் கலையாகவே வளர்ந்தது. 1959-ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதன்பின் வந்த அமெரிக்க வணிகத் தடையையும் தொடர்ந்து புதுக் கார்களும் உறுப்புகளும் நின்றுபோயின. அந்நாட்டார் செவர்லே, பியூக், பிளிமத் கார்களில் சோவியத் நாட்டுக் கார்களின் உறுப்புகளையும் டீசல் இயந்திரங்களையும் பூட்டி வாடகைக்கு ஓட்டினர். புரட்சிக்கு முற்பட்ட கார்களை மட்டுமே தடையின்றி விற்கலாம் என்ற கட்டுப்பாடு 2011-ஆம் ஆண்டுவரை இருந்தது. அவர்களிடம் போய், ‘அசல் எங்கே?’ என்று கேட்பவர் பசியறியாதவர்.

மற்றொரு தடை இன்னும் ஆழமானது. பழையதெல்லாம் பேணத்தக்கதா? அமெரிக்காவில் 1923-ஆம் ஆண்டு முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. இயந்திரம் தட்டாமல் ஓட அது உதவியது; அப்புகையைச் சுவாசித்த குழந்தைகளின் மூளைக்கோ நஞ்சாயிற்று. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய இயந்திரத்தின் வால்வு இருக்கைகள் விரைவில் தேய்கின்றன. பொறுப்புள்ள பேணுநர் என்ன செய்கிறார்? பழைய இருக்கைகளைக் குடைந்தெடுத்துக் கடினமான எஃகு வளையங்களைப் பொருத்துகிறார். அசலுக்கு மாறு செய்கிறார்; சரியாகவே செய்கிறார். மரபு என்ற பெயரால் நஞ்சையும் காக்க வேண்டும் என்போர்க்கு ஒரு பழுது பட்டறையில் விடை இருக்கிறது.

மாற்றம் குற்றமன்று எனில் குற்றம் எங்கே இருக்கிறது? மறைத்தலில் இருக்கிறது. இதனைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேறெங்கும் போக வேண்டா. பழஞ்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய பின், சிதைந்த மூல ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் நம்மிடையே இருந்தது. ஏடு போயிற்று, நூல் வாழ்ந்தது. பின்னர் உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் புறநானூற்றை 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது, 267, 268 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அந்த இடங்களைத் தம் கவித்திறத்தால் நிரப்புவது அப்பெரும்புலவர்க்கு அரிதன்று. அவர் நிரப்பவில்லை. இல்லாத இடத்தை இல்லாத இடமாகவே காட்டினார். கிடைக்காத உறுப்பைப் புதிதாகச் செய்து பொருத்திவிட்டு, அதன்மேல் பழைய நிறுவனத்தின் முத்திரையையும் பொய்யாகப் பொறித்து விற்கும் வியாபாரியையும் அவரையும் அருகருகே வைத்து எண்ணினால், பழுது நீக்குதலின் அறம் எதுவென்று மாணவரே சொல்லிவிடுவர்.

இங்கு ஒரு கிளைச்செய்தி. மலேசியா விடுதலையடைந்த 1957-ஆம் ஆண்டில் 888 எனச் சொல்லப்படும் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் பெயர்ந்தபின், மாணவரற்ற பள்ளியின் உரிமம் பட்டணத்துக்கோ புதுக் குடியிருப்புக்கோ கொண்டு செல்லப்பட்டு, அங்கே புதுக் கட்டடம் எழுகிறது. பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் தொடர்கிறது. கட்டடம் வேறு, மாணவர் வேறு, ஆசிரியர் வேறு. அது அதே பள்ளியா? பெயரை மட்டும் எடுத்து வந்தார்களா, பேரேட்டையும் பழைய மாணவரின் நினைவையும் எடுத்து வந்தார்களா என்பதைப் பொறுத்தது அது. பேரேடு கரையானுக்குப் போயிருந்தால், அடிச்சட்ட எண் மட்டும் மிஞ்சிய காருக்கும் அப்பள்ளிக்கும் வேறுபாடு அதிகமில்லை.

மீண்டும் காருக்கு வருவோம். இதுவரை சொன்ன வாதங்களிலெல்லாம் ஓர் உறுப்பு விடுபட்டுவிட்டது. அது தற்செயலாக விடுபட்டதன்று. எல்லாரும் எப்போதும் விட்டுவிடும் உறுப்பு. அதுவே டயர்.

பேணுவோர் கதவுக்காக வழக்காடுவர். விளக்குக் கண்ணாடிக்காகக் கடல் கடந்து கடிதம் எழுதுவர். இருக்கைத் துணியின் நெசவுக்காகப் பழைய விளம்பரத் தாள்களைப் புரட்டுவர். டயரை மட்டும் எவரும் ‘அசலா’ என்று கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. ஓடினால் தேயும், ஓடாமல் நின்றாலும் வெடிக்கும், கல்லாக இறுகும். பழைய டயரோடு சாலையில் போவது உயிருக்கே கேடு. ஆகவே முதலில் எறியப்படுவது அதுவே. ஒரு ‘டி’ வகைக் காரில் மலாயாவின் மண்ணுக்கு உரியது எது என்று தேடினால், அந்த எறியப்பட்ட டயர்தான் கிடைக்கும். எஃகு அமெரிக்கச் சுரங்கத்தினுடையது. மரம் அமெரிக்கக் காட்டினுடையது. ரப்பரோ பெரும்பாலும் இங்கிருந்து போனது. 1920-களில் உலகின் ரப்பரில் பாதியளவு மலாயாவில் விளைந்தது. அமெரிக்காவே அதன் பெருங்கொள்முதலாளி. 1922-ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய அரசு ஸ்டீவன்சன் திட்டத்தால் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியபோது, அமெரிக்க முதலாளிகள் நிலைகொள்ளாமல் ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும் ஃபோர்டு பிரேசில் காட்டிலும் சொந்தத் தோட்டம் போட ஓடினர்.

அந்தக் கித்தா மரங்களைக் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் வெட்டியவர் எவர்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைக் காயப்படுத்தாமல் மயிரிழையளவு சீவி மங்கு வைத்த தமிழ் ஆண்களும் பெண்களும். பேரிங் சுரண்டும் கம்மியனின் கைக்கு எவ்வளவு நுட்பம் வேண்டுமோ அவ்வளவு நுட்பம் பால் வெட்டும் கைக்கும் வேண்டும். ஆழம் போனால் மரம் புண்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. இந்நுட்பத்துக்குக் கோப்பை வழங்கியவர் எவருமில்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. மற்றொன்று, துரைமார் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. உலகத்தின் சக்கரங்களுக்கெல்லாம் பால் வார்த்தவர், தம் இரண்டு சக்கரத்தின்மேல் அமர்ந்து போக உரிமை கேட்க வேண்டியிருந்தது. வேலைநிறுத்தம் படைபலத்தால் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவர்தம் உழைப்பின் அளவை அமெரிக்கர் அறிந்தது அதற்கு அடுத்த ஆண்டில். சப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் நின்றது. 1942 சனவரியில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் சர்க்கரையன்று, பெட்ரோலன்று; டயர். அடுத்த மாதம் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. டயரை மிச்சப்படுத்தவே நாடெங்கும் மணிக்கு 35 மைல் வேகம் வரையறுக்கப்பட்டது. பெட்ரோல் தாராளமாக இருந்த மாநிலங்களிலும் அதே காரணத்துக்காகப் பெட்ரோல் பங்கிடப்பட்டது. புதுக் கார் கிடைக்காத அப்போர் ஆண்டுகளில்தான், ஆண்டுதோறும் மாற்றப் பழக்கப்பட்ட ஒரு நாடு இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டப் பழகியது. இன்று அங்கே வாரந்தோறும் பழங்காரைத் துடைப்பவர் பலருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்புமில்லை. காரில் அதற்குச் சான்றாக எதுவும் மிஞ்சவில்லை.

பேணுதலைப் பற்றி நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பேணுதல் இயல்பாகவே நிலைக்கும் பொருளின் பக்கம் சாய்கிறது. எஃகும் பித்தளையும் தம்மைச் செய்தவன் பெயரைக் காப்பாற்றித் தருகின்றன. தேய்ந்து பிறரைச் செலுத்தும் பொருள் யார் பெயரையும் காப்பாற்றுவதில்லை. லயங்கள் இடிந்தன, கித்தா மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திலேயே போடப்பட்டது. அதற்குத் ‘தென்னமரம்’ என்று தமிழில் பெயர் விளங்குவது ஒரு சுவையான முரண். பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கைகளும் முதுமையில் நடுங்குகின்றன. அறிவையே பேணுகிறோம் என்று மேலே சொன்ன நியாயம் உண்மையாயின், பேரிங் சுரண்டும் அறிவுக்கு அருங்காட்சியகமும், பட்டை சீவும் அறிவுக்கு மறதியும் என்பது எந்தத் துலாக்கோலில் நிறுத்த முடிவு?

இதற்காகப் பழங்கார்க்காரரைக் குறை கூறுவதில் பொருளில்லை. அவர் தம் பங்கைச் செய்கிறார். எவரும் கேளாத போதும் ஒரு பொருளின் வரலாற்றைத் திருகு திருகாகத் தேடுகிறார். அத்தேடலை நான்கு சக்கரங்களின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் ஓர் அங்குலம் வெளியே கொண்டு போவது அவருக்கும் ஆகும், பள்ளிகளில் வரலாறு கற்பிப்போர்க்கும் ஆகும். கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் பிறந்த பாட்டி ஒருத்தியிடம் அவள் வெட்டிய மரங்களின் எண்ணிக்கையையும், ஒரு நாளின் பாலையும், கத்தி தீட்டிய முறையையும் கேட்டெழுதி வரும்படி மாணவனை அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆசிரியர்க்கு இவ்வேலை அயலானதுமன்று. அவருடைய உழைப்பும் டயரைப் போன்றதே. எந்த மாணவனிடத்தும் அதனைத் தனியே எடுத்துக்காட்ட முடியாதபடி தேய்ந்து கலந்துவிடுகிறது.

பழங்கார்களுக்கென்றே பழைய வார்ப்பில் புது டயர் செய்து தருவோர் இன்றும் இருக்கின்றனர். அவற்றுள் ஒருவகை, ஃபயர்ஸ்டோன் நிறுவனம் நூறாண்டுக்கு முன் விற்ற வழுக்காத டயரின் படி. அதன் தரை தொடும் பகுதியில் கோலங்களுக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரும், ‘வழுக்காது’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களும் எழுத்தெழுத்தாகப் புடைத்து நிற்கும். ஈரமண்ணில் அக்கார் உருண்டால் அவ்வெழுத்துகள் வரிசையாகப் பதியும். பால் வெட்டியவர் பெயர் பதிய அவ்வார்ப்பில் இடமில்லை. அது நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதப்பட வேண்டும், கேட்டுச் சொல்ல அந்தப் பாட்டி இருக்கும்போதே.